நெல்லுக்கு இருக்கிற காப்பீடு காலுக்கு ஏன் இல்லை?

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணையிலிருந்து தண்ணியைத் திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறி எங்க பாகூர் கொம்யூன் வயல்களுக்குள்ள புகுந்து படுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் புதுச்சேரி அரசு ஒரு பட்டியல் போட்டது. பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய். கறவை மாடு செத்திருந்தா 40,000 ரூபாய். பத்தாதுன்னு நாங்க கத்தினோம். உரம், நடவுக் கூலி, டிராக்டர் வாடகைன்னு கணக்குப் போட்டா உண்மையிலேயே பத்தாதுதான். ஆனா பட்டியல்னு ஒண்ணு இருந்துச்சு. நோட்டும் கையுமா ஒரு ஆள் வரப்புல நடந்து வந்து "எத்தனை காணி?"ன்னு கேட்டாரு.

இதைத் தவிர 2016-லிருந்து பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. காரிப் பருவத்து நெல்லுக்கு விவசாயி பங்கு 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை சதவீதம். மீதி பிரீமியத்தை அரசாங்கங்கள் போடணும். இந்தத் திட்டத்தில் ஆயிரம் ஓட்டை இருக்கு, அதை இன்னொரு நாள் பேசலாம். நான் இன்னிக்கு எழுத வந்தது கால்பந்தைப் பத்தி.

சேத்துல கால் வைக்கிறவனுக்கு பந்து எதுக்குன்னு நகரத்து நண்பர்கள் கேட்கலாம். வில்லியனூர், பாகூர் பக்கம் அறுப்பு முடிஞ்ச நிலத்துல, அரிதாள் குத்தக் குத்த வெறுங்காலோட பந்து உதைக்கிற பசங்க எல்லாம் எங்க வீட்டுப் பசங்க. அதுல ஒருத்தன் ரெண்டு பேர் நல்லா ஆடி, கிளப் வரைக்கும் போறாங்க. அப்படிப் போன பையன் முழங்கால்ல அடிபட்டுத் திரும்பி வந்தா, நோட்டும் கையுமா யாரும் வீட்டு வாசலுக்கு வர்றதில்லை. செத்த மாட்டுக்கு ஒரு தொகை எழுதி வச்சிருக்கிற நாட்டுல, பந்தாட்டத்தையே தொழிலா நம்பிப் போன 22 வயசுப் பையனோட முழங்காலுக்கு எந்தப் பட்டியல்லயும் ஒரு வரி இல்லை. அந்தக் கோபத்துலதான் எழுதறேன்.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆளைச் சொல்றேன். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்துல இரவிபுத்தன்துறைன்னு ஒரு கடலோரக் கிராமம், அங்கேருந்து வந்தவர். சென்னை சிட்டி அணியில் ஆடினார், அப்புறம் ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தாவின் ஏடிகே. 2019-ல் இந்திய அணிக்கும் ஆடினார். 2020 மார்ச்சில் ஏடிகே ஐஎஸ்எல் கோப்பையை ஜெயிச்சப்ப அந்த அணியில் இருந்தார். இடது பக்க ஓரத்துல அவர் பந்தை எடுத்துக்கிட்டு ஓடறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், எதிராளி ரெண்டு பேர் சேர்ந்து வந்தாலும் நடுவுல புகுந்து போயிடுவார்.

அதே வருஷம் நவம்பர் 20. கோவாவில் பம்போலிம் மைதானம், கொரோனா காலம், கேலரியில் ஒரு ஆள் கிடையாது. புது சீசனோட முதல் ஆட்டம், எதிர்ல கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம்கூட ஆகலை, சூசைராஜ் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. அந்த சீசன் அவருக்கு அதோட முடிஞ்சது. ரெண்டாவது பாதியில் ராய் கிருஷ்ணா கோல் போட, அவர் அணி 1-0 என்று ஜெயிச்சது. அடுத்த வருஷம் சூசைராஜ் திரும்பி வந்தார். ஆனா முதல் பதினோரு பேர்ல ஒருத்தரா, பழைய சூசைராஜா அந்த அணியில் நிலைக்க முடியலை. அப்போ அவருக்கு வயசு 27. ஒரு ஆட்டக்காரன் நல்லா விளைஞ்சு நிற்கிற வயசு.

இன்னொருத்தர் சென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ். 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையா ஐஎஸ்எல் கோப்பை ஜெயிச்சதே, அந்த அணியின் நடுக்களத்துக்காரர். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் அவருடையது. அந்த வெற்றிக்கு அடுத்த சீசன் முழுக்க முழங்கால் காயத்தோட வெளியே உட்கார வேண்டியதாச்சு. இவங்க ரெண்டு பேரும் பெரிய கிளப்புகளில் இருந்தவங்க. பெயர் இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தாங்க. அவங்களுக்கே இந்த நிலைமைன்னா பெயர் இல்லாதவன் கதையைக் கேட்கவே வேணாம்.

எங்க ஊர்ல இதை "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு"ம்பாங்க. டாக்டருங்க சொல்ற ஏசிஎல். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள்ள குறுக்கே கட்டி வச்சிருக்கிற தசைநார். நுகத்தடியில் பூட்டாங்கயிறு மாதிரி வச்சுக்குங்களேன். ஏர் நேராப் போகும்போது அதோட அருமை தெரியாது. மாடு சட்டுன்னு திரும்பும்போது கயிறு அறுந்தா ஒரு பக்கம் போயிடும் இல்லையா, அந்த மாதிரி. பெரும்பாலும் எதிராளி வந்து மோதிக்கூட இது கிழியறதில்லை. ஓடிக்கிட்டே சட்டுன்னு நின்னு திரும்பறப்போ, குதிச்சுக் கீழே இறங்கறப்போ தானாவே கிழியும்.

கிழிஞ்ச ஜவ்வைத் தைச்சு ஒட்ட வைக்கிறது பெரும்பாலும் நிற்காது. அதனால அவனோட தொடையின் பின்பக்கத்துலேருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழேருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதுக் கயிறா கட்டுவாங்க. ஆப்பரேஷன் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான். உண்மையான வேலை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. நட்ட நாத்து வேர் பிடிக்கிற மாதிரி அந்தப் புது நார் எலும்போட சேர்ந்து, ரத்த ஓட்டம் வந்து, பழைய ஜவ்வு மாதிரி மாற மாசக்கணக்கு ஆகும். சூம்பிப்போன தொடையைத் திரும்ப ஏத்தணும். நடக்க, ஓட, திரும்ப, குதிக்க ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்கணும். ஒன்பது மாசம்னு வச்சுக்குங்க. நார்வேயில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2016-ல் வெளியாச்சு. ஆப்பரேஷனுக்கு அப்புறம் ஒன்பதாவது மாசம் வரைக்கும் களத்துக்குத் திரும்பறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும், மறுபடி முழங்கால்ல அடிபடற வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக் குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் ஐரோப்பாவின் பெரிய கிளப் ஆட்டக்காரர்களைப் பதினைஞ்சு வருஷம் தொடர்ந்து கவனிச்ச இன்னொரு ஆராய்ச்சியும் வந்தது. ஜவ்வு கிழிஞ்சவங்க ஏறக்குறைய எல்லாருமே ஒரு வருஷத்துக்குள்ள களத்துக்கு வந்துட்டாங்க. ஆனா மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, உயர்மட்டத்துல ஆடிக்கிட்டிருந்தவங்க 65 சதவீதம்தான். கையில் எல்லா வசதியும் இருந்தவங்களோட கணக்கு இது.

இந்த இடத்துல யாராவது ஒருத்தர் எழுந்திரிச்சு, "மனசுல உறுதி இருந்தா மீண்டு வரலாம், பிரேசில் ரொனால்டோவைப் பாருங்க"ன்னு சொல்லுவார். தன்னம்பிக்கைப் பேச்சாளருங்க மேடைக்கு மேடை சொல்ற கதை. சரி, பார்ப்போம்.

1999 நவம்பரில் லெச்சே அணிக்கு எதிரான ஆட்டத்துல ரொனால்டோவுக்கு வலது முழங்கால்ல நார் கிழிஞ்சது. 2000 ஏப்ரல் 12-ம் தேதி ரோமில் லாசியோவுக்கு எதிரா மாற்று ஆட்டக்காரரா இறங்கினார். ஏழு நிமிஷம்கூட ஆடியிருக்க மாட்டார், அதே முழங்கால் இன்னும் மோசமாப் போச்சு. அடுத்த சீசன் முழுக்க வெளியே. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல், அதுல ரெண்டு இறுதி ஆட்டத்துல. எல்லாம் உண்மை. ஆனா அந்தக் கதையில் மேடைக்காரங்க விட்டுடற பகுதி ஒண்ணு இருக்கு. அவருக்கு ஆப்பரேஷன் பண்ணினவர் பாரிஸில் ஜெரார்ட் சையான் என்கிற பெரிய டாக்டர். கூடவே இருந்து காலைத் தேத்தினவர் நில்டன் பெட்ரோன் என்கிற பிசியோதெரபிஸ்ட். இத்தனை மாசமும் இன்டர் மிலான் கிளப் அவரைத் தன் ஆட்டக்காரராவே வச்சிருந்தது. வீட்டுல அடுப்பு எரியுமாங்கிற கவலை ரொனால்டோவுக்கு ஒரு நாளும் இல்லை.

இன்னொரு பக்கம் ஹாலந்தின் வான் பாஸ்டன். ரொனால்டோவுக்குக் குறைஞ்ச ஆட்டக்காரர் இல்லை, அவருக்கும் பணம், டாக்டர், பெரிய கிளப் எல்லாம் இருந்தது. கணுக்கால் காயத்தால 1993 மே மாசத்துக்கு அப்புறம் 28 வயசுல அவரால ஆடவே முடியலை. 1995-ல் ஓய்வை அறிவிச்சார். அவருக்கு மனசுல உறுதி இல்லைன்னு சொல்லப் போறீங்களா? மழை பெய்யலைன்னா விவசாயிக்கு நம்பிக்கை பத்தலைன்னு சொல்ற மாதிரிதான் அது. உறுதி வேணும், மறுக்கலை. ஆனா உறுதிக்கு மூணு வேளை சோறு போடணும்.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் கதையைச் சொல்றேன். அவன் பேர் வேண்டாம், கிளப் பேரும் வேண்டாம். வெளி மாநிலத்துல ஒரு கிளப், ஒரே ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். மாசச் சம்பளம் வந்தது, வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது, தங்கச்சிக்கு காலேஜ் பீஸ் கட்டினான். சீசன் பாதியில் ஜவ்வு கிழிஞ்சது. ஆப்பரேஷனுக்கு கிளப் பணம் கட்டிடுச்சு, அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. ஆனா மூணாவது மாசத்தோட ஒப்பந்தம் முடிஞ்சது. "குணமானதும் வா, பார்க்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க.

ஊருக்கு வந்தான். பிசியோதெரபிக்கு பாகூர்லேருந்து புதுச்சேரிக்கு பஸ். ஒரு தடவைக்கு ஐநூறு ரூபாய், வாரத்துக்கு நாலு தடவை. அவங்க அப்பா கூலிக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போறவரு. கணக்கை நீங்களே போட்டுக்குங்க. வாரத்துக்கு நாலு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, அப்புறம் யூடியூப்ல பார்த்துத் திண்ணையில் பண்ணிக்கிட்டான். எங்க பாகூர் கொம்யூனுக்குள்ளேயே மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. காலை அறுத்துத் தைக்க ஆளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஒரு நாள் அவன் சொன்னான்: "ஆப்பரேஷன் பண்ண ஆள் இருக்கு மாமா. அப்புறம் ஓடறதுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை."

ஆறாவது மாசம் கேரளாவுல செவன்ஸ் ஆடக் கூப்பிட்டாங்க. ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு அன்னிக்கே கையில காசு. போகாதடான்னு சொன்னோம். "தங்கச்சிக்கு பீஸ் கட்டணும் மாமா"ன்னான். போனான். மூணாவது ஆட்டத்துல அதே முழங்கால். இப்போ ஒரு பால் கம்பெனி வண்டி ஓட்டறான். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு சாயந்திரமானா முழங்கால் வீங்குதும்பான்.

ஒன்பது மாசத்துக்கு முன்னாடி திரும்பினா ஆபத்துன்னு ஆராய்ச்சி சொல்றது அவனுக்கும் தெரியும், போன்ல படிச்சிருக்கான். அவனைக் களத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனது பீஸ் கட்ட வேண்டிய கடைசித் தேதி. இதைத்தான் நான் அடிச்சுச் சொல்றேன்: அவனோட முதல் காயம் ஆட்டத்துல வந்தது. ரெண்டாவது காயம் ஒப்பந்தத்துல இருந்து வந்தது. சம்பா நெல்லு 150 நாள் பயிர். குத்தகைக்கு விட்டவன் 90-வது நாள் வந்து நிலத்தைக் காலி பண்ணுன்னா பச்சைக் கதிரைத்தானே அறுக்க முடியும்?

ஃபிஃபா விதியில் ஒரு நல்ல விஷயம் இருக்கு. மருத்துவப் பரிசோதனையில் தேறினாத்தான் ஒப்பந்தம் செல்லும்னு எந்த கிளப்பும் நிபந்தனை போட முடியாது. கையெழுத்து போட்டா போட்டதுதான். ஆனா அதே விதி ஒப்பந்தம் சீசன் முடிவு வரைக்கும் இருந்தாலே போதும்ங்குது. அந்தச் சந்துலதான் எல்லாரும் புகுந்து போறாங்க. காயம் ஆற ஒன்பது மாசம், ஒப்பந்தத்துல மிச்சம் மூணு மாசம். நடுவுல இருக்கிற ஆறு மாசத்துக்கு யார் பொறுப்பு? இப்போதைக்கு அந்தப் பையனோட அப்பாதான், நடவுக் கூலியிலிருந்து.

இதுவாவது கிளப் வரைக்கும் போன பையன். கிளப்புக்குப் போகாத பிள்ளைங்க கதை இதைவிடக் கொடுமை. சென்னையில் பிரியா என்கிற 17 வயசுப் பெண், ராணி மேரி கல்லூரி மாணவி, கால்பந்து ஆடினவள். 2022 நவம்பர் 7-ம் தேதி கொளத்தூர் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் வலது முழங்கால் ஜவ்வுக்கு ஆப்பரேஷன் நடந்தது. அதுக்கப்புறம் போட்ட கட்டு இறுக்கமா இருந்து ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய் காலையே எடுத்தாங்க. நவம்பர் 15-ம் தேதி அந்தப் பொண்ணு செத்துப்போனா. ரெண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் பண்ணினாங்க, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தாங்க. நாடே ஒரு வாரம் பேசிச்சு, அப்புறம் மறந்துடுச்சு.

டாக்டர்களைத் திட்டறதோட நாம நிறுத்திக்கிட்டோம், அதுதான் என் வருத்தம். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு கிழியற வாய்ப்பு ஆண்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல்னு உலகத்துக்கே தெரியும். "பெண்களே, விளையாட வாங்க"ன்னு போஸ்டர் ஒட்டற நாம, அடிபட்டா எங்கே போகணும், யார் பார்ப்பாங்க, யார் பணம் கட்டுவாங்கன்னு அந்தப் போஸ்டரில் ஒரு வரி போட்டிருக்கோமா? பிரியா உயிரோட இருந்தப்ப அவ காலுக்காக யாரும் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைக்கலை. செத்த பிறகு வந்த பத்து லட்சத்தை வச்சு அந்த அம்மா என்ன பண்ணுவாங்க?

இதுக்கு வர்ற பதில் வழக்கமா ரெண்டு.

முதல் பதில்: "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும், தெரிஞ்சுதானே போறான்." பனை ஏறுகிறவருக்கும் விழுந்தா என்ன ஆகும்னு தெரியும். அதுக்காக அவர் விழுந்தா அவர் பாடுன்னு விட்டுட்டோமா? 1923-ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பனை ஏறுகிறவர், மரம் வெட்டுகிறவர், டிராக்டர் வச்சு உழவு செய்கிறவர் எல்லாரையும் பின்னால சேர்த்தாங்க. ஆபத்தான வேலைன்னு தெரிஞ்சதாலதான் சேர்த்தாங்க. பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன் அந்த வரிசையில் இல்லை. டிக்கெட் விக்குது, டிவியில் விளம்பரம் ஓடுது, சட்டையில் கம்பெனி பேர் இருக்கு. எல்லாருக்கும் அது வியாபாரம். அடிபட்ட அன்னிக்கு மட்டும் அது விளையாட்டா மாறிடுது.

எங்க ஊருக்குப் பழைய சொந்தமான பிரான்சை எடுத்துக்குங்க. அங்கே தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரன் சட்டப்படி சம்பளத் தொழிலாளி. ஆட்டத்துல அடிபட்டா வேலை விபத்துன்னு பதிவாகும், சமூகப் பாதுகாப்புத் திட்டத்துல வரும். பிரெஞ்சு அரசாங்கம் கடமையை எப்படிச் செய்யும்னு புதுச்சேரிக்காரனுக்குத் தெரியாதா? பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு வந்த சொல்தாக்களுக்கும், அவங்க போன பிறகு அவங்க மனைவிமாருக்கும் கடல் தாண்டி இன்னிக்கும் பென்ஷன் வருது. வேலை வாங்கினவன் உடம்புக்கும் பொறுப்புங்கிறது எங்களுக்குப் புதுசு இல்லை, பார்த்துப் பழகினது.

ரெண்டாவது பதில்: "கிளப்புக்கே பணம் இல்லையே." இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஐஎஸ்எல் நடத்தற ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியப் போகுது, புதுசு போடலைன்னு சொல்லி 2025 ஜூலையில் சீசனையே நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைக்கிறதா அறிவிச்சது. ரெண்டு காலும் நல்லா இருக்கிறவனுக்கே சம்பளம் நிச்சயம் இல்லாத தொழில் இது. ஆனா பணம் இல்லைங்கிறது காப்பீட்டுக்கு எதிரான வாதமா? எங்ககிட்ட பணம் இல்லாததாலதானே பயிர்க் காப்பீடே வந்தது? பணக்காரனுக்கு எதுக்குக் காப்பீடு?

பெரிய இடத்துல இதைப் புரிஞ்சு வச்சிருக்காங்க. ஒரு கிளப் ஆட்டக்காரர் தன் நாட்டு அணிக்காக ஆடும்போது அடிபட்டு 28 நாளுக்கு மேல் வெளியே இருந்தா, ஃபிஃபா அந்த கிளப்புக்குப் பணம் கொடுக்குது. நாளுக்கு 20,548 யூரோ வரைக்கும், ஒரு காயத்துக்கு 75 லட்சம் யூரோ வரைக்கும். முதலாளியோட நட்டத்துக்குக் காப்பீடு இருக்கு. காலோட சொந்தக்காரனுக்குத்தான் இல்லை.

சரி, என்னதான் பண்ணணும்ங்கறேன்? நாலு விஷயம்.

ஒண்ணு, ஒப்பந்தம். சீசன் முடிஞ்சாலும், அந்த ஒப்பந்தக் காலத்துல வந்த காயத்துக்கு டாக்டர் "ஆடலாம்"னு எழுதிக் கொடுக்கிற வரைக்கும், இல்லைன்னா ஒரு வருஷம் வரைக்கும், வைத்தியச் செலவும் சம்பளத்துல ஒரு பங்கும் கிளப் தரணும். இதை எழுதாத ஒப்பந்தத்தை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பதிவே பண்ணக் கூடாது.

ரெண்டு, காப்பீடு. ஆட்டக்காரர் பதிவு நடக்கும்போதே பயிர்க் காப்பீடு மாதிரி பிரீமியம் பிடிக்கட்டும். ஆட்டக்காரன் பங்கு சின்னதா, கிளப்பும் சங்கமும் அரசும் மீதியை. மாவட்ட லீக் ஆடற பையனுக்கும் கல்லூரி அணியில் ஆடற பொண்ணுக்கும் சேர்த்து.

மூணு, ஆள். வில்லியனூர்லயும் பாகூர்லயும் இருக்கிற அரசு மருத்துவமனைகளில் விளையாட்டுக் காயம் தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட் ஒருத்தரைப் போடுங்க. நலவழித்துறைக்கு இது பெரிய செலவு இல்லை. ஒரு அறை, நாலு எடைக்கல்லு, ஒரு சைக்கிள், ஒரு ஆள். பந்தாட்டக்காரன் மட்டும் வரமாட்டான். பனையிலிருந்து விழுந்தவர், களை எடுத்து எடுத்து முழங்கால் தேய்ஞ்ச எங்க அக்காமாருங்களும் வருவாங்க.

நாலாவது, காசே செலவில்லாதது. ஃபிஃபாவே "11+"னு ஒரு பயிற்சி முறை வச்சிருக்கு. ஆட்டத்துக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஓட்டம், குதிப்பு, ஒத்தைக்காலில் நிற்கிறது. கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13-லிருந்து 17 வயசு வரைக்குமான 1,892 பெண் பிள்ளைகளை வச்சுச் செஞ்ச சோதனை 2008-ல் வெளியாச்சு. இதைச் செஞ்சவங்களுக்கு மொத்தக் காயம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைஞ்சது, பெரிய காயம் பாதிக்குக் கிட்ட குறைஞ்சது. நம்ம பள்ளிக்கூடங்களில் எத்தனை பி.டி. வாத்தியார்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கோம்? ஒரு நாள் வகுப்பு போதும்.

நகரத்து நண்பர்களுக்கு ஒரு வேலை மிச்சம் வச்சிருக்கேன். பொங்கலுக்கு எங்க பக்கம் ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். நீங்களும் ஊர்ப்பாசத்துல நன்கொடை அனுப்புவீங்க, சந்தோஷம். பிளக்ஸ் பேனரில் உங்க போட்டோ வரும், இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்குவாங்க. அடுத்த தடவை பணம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அன்னிக்கு விளையாடற அத்தனை பேருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்தாச்சா, ரசீதைக் காட்டுங்க." இல்லைன்னு சொன்னா, கோப்பையை முழங்கால் உயரத்துக்குக் குறைச்சுக்கிட்டு மிச்சப் பணத்துல காப்பீடு எடுக்கச் சொல்லுங்க. எங்க ஊர்ல இந்த வருஷம் நான் கேட்கத்தான் போறேன். சண்டை வரும், வரட்டும்.